லியோன் ப்ளூம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 அன்று புதுச்சேரியில் மில் தியாகிகளுக்கு, அதாவது போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆலைத் தொழிலாளர்களுக்கு, அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தத் துப்பாக்கிச்சூடு நடந்த 1936இல், புதுச்சேரியை ஆண்ட பிரான்சின் பிரதமராக இருந்தவர் லியோன் ப்ளூம் என்ற சோசலிஸ்ட் என்று சொன்னால், கேட்பவர் முகம் மாறிவிடும். அதன்பின் வரும் சந்தேகங்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் வரும். மாணவர்களும் நண்பர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் என்னிடம் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். புதுச்சேரியைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முன்னுள்ளவற்றைப் படித்துவிட்டு அங்கே வந்தால்தான் என் பதில் விளங்கும்.

லியோன் ப்ளூம் யார்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

1872 ஏப்ரல் 9 அன்று பாரிஸில் பிறந்தவர். பிரான்சின் முதல் சோசலிஸ்ட் பிரதமர். அந்தப் பதவிக்கு வந்த முதல் யூதரும் அவரே. 1936 ஜூன் முதல் 1937 ஜூன் வரை ஓராண்டும், 1938 மார்ச்–ஏப்ரலில் நான்கு வாரங்களும் ஆட்சியில் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 டிசம்பரில் தொடங்கி ஒரு மாதம் இடைக்கால ஆட்சி நடத்தினார். 1950 மார்ச் 30 அன்று மறைந்தார்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில், பிரெஞ்சு சோசலிஸ்ட் கட்சியின் குரல் என்றால் அது ப்ளூமின் குரல்தான்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளையா? பெரும் பணக்காரர், தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்றும் படித்தேனே?

தொழிலாளி வீட்டுப் பிள்ளை இல்லை. தந்தை பட்டு நாடா வியாபாரி. குடும்பம் அல்சாஸ் பகுதியிலிருந்து வந்தது. வசதியான வீடு, நல்ல கல்வி. ஆனால் தங்கத் தட்டுக் கதை வலதுசாரிப் பத்திரிகைகள் கட்டிவிட்ட பொய். அவர் பல்கேரியாவில் வேறு பெயரில் பிறந்தவர் என்றும் எழுதினார்கள். பிறப்புச் சான்று பாரிஸில் இருக்கும்போதே துணிந்து எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். ‘இவன் நம்மவன் இல்லை’ என்று மக்கள் மனத்தில் பதியவைப்பதுதான் நோக்கம்.

1936 ஜூன் 6 அன்று ப்ளூமின் அமைச்சரவை நாடாளுமன்றத்தின் முன் வந்தபோது, ஸவியே வல்லா என்ற உறுப்பினர் எழுந்து, இந்தப் பழம்பெரும் நாட்டை முதன்முறையாக ஒரு யூதர் ஆளப்போகிறார் என்று அவையிலேயே பேசினார். அதே வல்லா 1941இல் யூதர் விவகாரத்துக்கான ஆணையராக, பிரான்சு ஜெர்மனியிடம் தோற்ற பின் அமைந்த விஷி அரசில் அமர்ந்தார். அன்று பேசிய பேச்சு வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை.

அரசியலுக்கு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார்?

முதலில் அவர் இலக்கிய, நாடக விமர்சகர். கூடவே 1895 முதல் அரசாங்கத்தின் உயர் நிர்வாக மன்றத்தில் சட்ட அதிகாரி. டிரைஃபஸ் வழக்குதான் அவரை அசைத்தது. செய்யாத குற்றத்துக்கு ஒரு யூத ராணுவ அதிகாரியைத் தண்டித்துத் தீவுச் சிறைக்கு அனுப்பிய வழக்கு அது. அந்தப் போராட்டக் காலத்தில் சோசலிஸ்ட் தலைவர் ழான் ழொரேஸுடன் நெருங்கினார்.

1914 ஜூலை 31 அன்று ழொரேஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் தொடங்கியதும் பொதுப்பணித் துறை அமைச்சரான சோசலிஸ்ட் மர்செல் சம்பாவின் அலுவலகப் பொறுப்பை ப்ளூம் ஏற்றார். அரசு இயந்திரம் எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை அங்கேதான் உள்ளிருந்து கண்டார். 1919இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வயது 47.

சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட், இரண்டும் ஒன்றுதானே?

1920 வரை பிரான்சில் இரு தரப்பினரும் ஒரே கட்சியில்தான் இருந்தார்கள். அந்த டிசம்பரில் தூர் நகரில் கூடிய கட்சி மாநாட்டின் முன் ஒரே கேள்வி: கம்யூனிஸ்ட் கட்சிகளின் உலக அமைப்பான லெனினின் மூன்றாம் அகிலத்தில் சேர்வதா, வேண்டாமா? சேர்ந்தால் அது விதித்த 21 நிபந்தனைகளையும் ஏற்கவேண்டும். சேரலாம் என்று 3,208 வாக்குகள் விழுந்தன. பெரும்பான்மை கம்யூனிஸ்ட் கட்சி ஆனது. ழொரேஸ் தொடங்கிய ‘லுமானிதே’ நாளிதழும் அவர்களோடு போயிற்று.

சேரக்கூடாது என்று பேசியவர்களில் முதன்மையானவர் ப்ளூம். தானும் புரட்சியை விரும்புகிறவன்தான் என்றே அவர் பேசினார். மேலிருந்து கட்டளை, கீழே கீழ்ப்படிதல், ரகசிய அமைப்பு என்ற ஏற்பாட்டைத்தான் மறுத்தார். நீங்கள் புதிய வழி தேடிப் போங்கள், பழைய வீட்டைக் காக்க யாராவது இங்கே இருக்கவேண்டும் என்றார். அவருடன் தங்கியவர்கள் சிறுபான்மை. ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பழைய வீடே பெரிய வீடாயிற்று. சோவியத் நாட்டில் பின்னால் நடந்ததை அறிந்த நாம், 1920இல் ஒருவர் அதை இவ்வளவு துல்லியமாகக் கணித்தார் என்பதை மறக்கக்கூடாது.

1924இல் வென்ற அணியில் இருந்தும் அமைச்சர் பதவி வேண்டாம் என்றாராமே, ஏன்?

ஆம். மிதவாதிகளான ராடிகல் கட்சியோடு தேர்தல் உடன்பாடு வைத்தார்கள், வென்றார்கள், வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். அமைச்சரவையில் சேரவில்லை. பிறர் அதிகாரத்தில் துணைக்கட்சியாக உட்கார்ந்தால் பழி நமக்கு வரும், கொள்கை அவர்களுடையதாக இருக்கும் என்பது ப்ளூமின் கணக்கு.

1926இல் இதை அவர் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். ‘அதிகாரத்தைக் கைப்பற்றுவது’ வேறு, ‘அதிகாரத்தைச் செலுத்துவது’ வேறு. முன்னது புரட்சி, சொத்துறவையே மாற்றுவது. பின்னது, முதலாளிய அமைப்புக்குள் தேர்தலில் வென்று, அந்த அமைப்பின் சட்டத்துக்குள் நின்று ஆள்வது. பின்னதைச் செய்பவர் முன்னதைச் செய்வதாக மக்களை நம்பவைக்கக்கூடாது. அவருடைய பெருமைக்கும் எல்லைக்கும் இந்த ஒரு கருத்தே காரணம் என்பது என் முடிவு. கீழே பல பதில்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

1928இல் பாரிஸ் தொகுதியில் கம்யூனிஸ்ட் ழாக் துக்ளோவிடம் தோற்றார். அடுத்த ஆண்டு தெற்கே நார்போன் இடைத்தேர்தலில் வென்றார். திராட்சை விவசாயிகளின் பகுதி அது. பாரிஸ் அறிவாளியை அவர்கள் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள்.

கம்யூனிஸ்டுகள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தவர்கள்தானே? பிறகு எப்படிக் கூட்டணி?

1934 பிப்ரவரி 6 அன்று வலதுசாரி அமைப்புகள் பாரிஸில் நாடாளுமன்றத்தை நோக்கித் திரண்டன. துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தனர். மறுநாள் பிரதமர் தலாதியே பதவி விலகினார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். இடதுசாரிகள் பிரிந்து கிடந்ததால்தான் அங்கே அவர் வர முடிந்தது என்பதைத் தொண்டர்கள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். பிப்ரவரி 12 அன்று சோசலிஸ்ட் ஊர்வலமும் கம்யூனிஸ்ட் ஊர்வலமும் பாரிஸில் எதிரெதிரே வந்தன. மோதல் வரும் என்று பலர் அஞ்சினார்கள். ‘ஒற்றுமை, ஒற்றுமை’ என்று கூவியபடி இரண்டும் கலந்துவிட்டன.

ஜூலையில் இரு கட்சிகளும் உடன்பாடு செய்துகொண்டன. மாஸ்கோவும் தன் பாதையை மாற்றியிருந்தது. 1935இல் ராடிகல் கட்சியும் சேர்ந்தது. இதுதான் மக்கள் முன்னணி.

தேர்தலுக்கு முன் அவரைத் தெருவில் போட்டு அடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1936 பிப்ரவரி 13, சென் ழெர்மேன் சாலை. முடியாட்சி ஆதரவாளர்களான ‘அக்சியோன் பிரான்சேஸ்’ இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரின் இறுதி ஊர்வலத்துக்குக் கூட்டம் கூடியிருந்தது. அவ்வழியே வந்த காரில் ப்ளூம் இருப்பதைக் கண்டு, கண்ணாடியை உடைத்துத் தாக்கினார்கள். அருகில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் ஓடிவந்து காப்பாற்றினார்கள். 63 வயது மனிதர், தலையில் கட்டுடன் இருக்கும் புகைப்படம் நாடெங்கும் பரவியது.

அதே ஆண்டு நவம்பரில் அவருடைய உள்துறை அமைச்சர் ரோஜே சலாங்ரோ தற்கொலை செய்துகொண்டார். முதல் உலகப் போரில் எதிரியிடம் ஓடிப்போனவர் என்று ஒரு வார இதழ் வாரக்கணக்கில் அவர்மேல் அவதூறு எழுதியது. விசாரணையில் அது பொய் என்று தெளிவான பிறகும் விடவில்லை. அச்செழுத்தால் ஒரு மனிதரைக் கொன்றார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை.

அவர் பதவியேற்கும் முன்பே நாடு முழுக்க வேலைநிறுத்தமாமே? சொந்த அரசையே தொழிலாளர்கள் நம்பவில்லையா?

மே 3 அன்று தேர்தல் முடிவு வந்தது. மக்கள் முன்னணிக்குத் தெளிவான பெரும்பான்மை. அதற்குள் முதலிடம் முதன்முறையாக சோசலிஸ்டுகளுக்கு. ஆனால் மரபுப்படி பழைய அவையின் காலம் முடியட்டும் என்று ப்ளூம் ஒரு மாதம் காத்திருந்தார். அந்த ஒரு மாதத்தில் நாடு காத்திருக்கவில்லை. மே தினத்தன்று வேலைக்கு வராதவர்களை ல ஆவ்ர் நகரின் விமானத் தொழிற்சாலை ஒன்று வேலையைவிட்டு நீக்கியது. மே 11 அன்று மற்றவர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மாத இறுதியில் பாரிஸ் அருகே ரெனோ கார் தொழிற்சாலை. ஜூனில் ஏறத்தாழ 20 லட்சம் பேர்.

நம் ஊரில் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் என்று சொல்வோமே, அதுதான். இயந்திரத்துக்குச் சேதம் வராமல் காவல் போட்டு, உள்ளேயே படுத்து, அக்கார்டியன் வாசித்து நடனமாடினார்கள். வீட்டார் கேட்டுக்கு வெளியிலிருந்து சாப்பாட்டை நீட்டினார்கள். அதுவரை சங்கமே இல்லாத பெரிய துணிக்கடைகளின் விற்பனைப் பெண்களும் கடைக்குள் அமர்ந்தார்கள்.

நம்பிக்கையின்மை என்று இதைப் படிக்கக்கூடாது. தங்கள் ஆட்கள் வந்திருக்கிறார்கள், போலீஸ் இனி நம்மைச் சுடாது என்ற நம்பிக்கைதான் அவர்களுக்குத் துணிவு தந்தது. ப்ளூமும் ஆலைகளைக் காலிசெய்யப் படை அனுப்ப மறுத்தார்.

அந்த வேலைநிறுத்தத்தால் கையில் கிடைத்தது என்ன?

ஜூன் 4 அன்று பதவியேற்றார். ஜூன் 7 இரவு பிரதமர் அலுவலகமான மத்திஞோன் மாளிகையில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் அவர் முன்னிலையில் எதிரெதிரே அமர்ந்தன. இப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்று கேட்டவர்களே முதலாளிகள்தான். சில இடங்களில் கொடுக்கப்பட்ட கூலியைத் தொழிற்சங்கத்தினர் எடுத்துக்காட்டியபோது, முதலாளிகள் தரப்பிலேயே சிலர் திடுக்கிட்டார்கள். விடிவதற்குள் ஒப்பந்தம்: 7 முதல் 15 சதவீதம் கூலி உயர்வு, சங்கம் சேரும் உரிமை, ஆலைதோறும் தொழிலாளர் பிரதிநிதி.

அதே மாதத்தில் சட்டங்கள் வந்தன. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, கூட்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை. கடைசியாகச் சொன்னது மக்கள் முன்னணியின் தேர்தல் அறிக்கையில்கூட இல்லாதது. விளையாட்டு, ஓய்வுத் துறையைக் கவனித்த லியோ லாக்ராஞ்ச் ரயில் டிக்கெட்டில் 40 சதவீதச் சலுகை வாங்கித் தந்தார். அந்தக் கோடையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தன. எதிரிகள் லாக்ராஞ்சை ‘சோம்பேறித்தன அமைச்சர்’ என்றார்கள்.

இவை தவிர, கோதுமை விலையை நிலைநிறுத்த ஒரு வாரியம், போர்த்தளவாட ஆலைகள் நாட்டுடைமை, 14 வயதுவரை கட்டாயக் கல்வி. பிரான்சு வங்கியில் 200 பெரும் பங்குதாரர்களுக்கு மட்டும் இருந்த வாக்குரிமை எல்லாப் பங்குதாரர்களுக்கும் போனது. எல்லாம் மூன்று மாதங்களுக்குள்.

பெண்களுக்கு ஓட்டே இல்லாத நாட்டில் பெண் அமைச்சர்களா?

மூவர்: விஞ்ஞானி இரேன் ழோலியோ-க்யூரி, ஆசிரியை சுசான் லாகோர், பெண் வாக்குரிமைக்குப் போராடிய செசில் ப்ரன்ஷ்விக். மூவரும் துணை அமைச்சர்கள். ஓட்டுப்போட முடியாதவர்கள் அரசில் உட்கார்ந்தார்கள். வாக்குரிமை 1944இல்தான் வந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அதுவரை விடவில்லை. ப்ளூம் இதற்காக இன்னும் கடுமையாக மோதியிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

40 மணி நேர வாரம் பொருளாதாரத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார்களே?

பாதி உண்மை. விலைவாசி ஏறி, கூலி உயர்வின் பெரும்பகுதியை ஓராண்டுக்குள் விழுங்கிவிட்டது. தேர்ந்த தொழிலாளர்கள் போதாத தொழில்களில், எல்லாருக்கும் ஒரே மாதிரி 40 மணி என்று விறைப்பாக நடைமுறைப்படுத்தியது உற்பத்தியைத் தடுத்தது.

ஆனால் நோய் அதற்கு முன்பே இருந்தது. பிரிட்டன் 1931இலும் அமெரிக்கா 1933இலும் தங்கள் நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த கட்டை அவிழ்த்துவிட்டன. பிரான்சு பிடிவாதமாக நின்றதால் அதன் பொருள்கள் உலகச் சந்தையில் விலை கூடிக் கிடந்தன. பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பைக் குறைக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்த ப்ளூம், 1936 செப்டம்பர் இறுதியில் குறைத்தார். ஜூனிலேயே செய்திருக்கவேண்டும். பணக்காரர்கள் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த மாதங்களை வீணாக்கினார். அவருடைய பெரிய பொருளாதாரத் தவறு என நான் கருதுவது இதைத்தான்.

ஸ்பெயினைக் கைவிட்டது துரோகம் இல்லையா?

என்னிடம் மிகுந்த கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. 1936 ஜூலையில் ஸ்பெயினில் தளபதி பிராங்கோவின் ராணுவக் கலகம் தொடங்கியதும், ஸ்பெயினின் மக்கள் முன்னணி அரசு ஆயுதம் கேட்டுத் தந்தி அடித்தது. தருகிறோம் என்பதுதான் ப்ளூமின் முதல் பதில். செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. ராடிகல் அமைச்சர்கள் எதிர்த்தார்கள், குடியரசுத் தலைவர் எதிர்த்தார், பிரிட்டன் முகம் சுளித்தது. பிரான்சிலேயே உள்நாட்டுப் போர் வரும் என்று அஞ்சினார். பதவி விலக நினைத்தவரை, நீங்கள் போனால் வருகிறவர் இன்னும் மோசமாக இருப்பார் என்று ஸ்பெயின் தரப்பினரே தடுத்தார்கள். ஆகஸ்டில் தலையிடாமைக் கொள்கை. ஹிட்லரும் முசோலினியும் அதில் கையெழுத்திட்டுவிட்டு ஆயுதமும் படையும் அனுப்பினார்கள்.

செப்டம்பர் 6 அன்று பாரிஸின் லூனா பார்க் திடலில், ‘ஸ்பெயினுக்கு விமானம்’ என்று முழங்கிய சொந்தக் கட்சித் தொண்டர்களின் முன் நின்று விளக்கம் சொன்னார். சுங்கத்தைக் கண்மூடச் சொல்லி, மறைமுகமாகச் சில விமானங்களும் ஆயுதங்களும் எல்லை தாண்டின. 1938இல் மீண்டும் வந்த நான்கு வாரங்களில் எல்லையைத் திறந்துவிட்டார்.

துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன். தவறு என்று சொல்வேன். எதிரி ஒப்பந்தத்தை மீறுகிறான் என்று தெரிந்த பிறகும் அதில் நீடித்தது தவறு. விதியை மதிப்பவர், விதியை மதிக்காதவரிடம் தோற்ற கதை இது.

பெரும்பான்மை இருந்தும் ஓராண்டில் எப்படிக் கவிழ்ந்தார்?

1937 பிப்ரவரியில் சீர்திருத்தங்களுக்கு ‘இடைநிறுத்தம்’ அறிவித்தார். பணம் வெளியேறுவது அதனாலும் நிற்கவில்லை. மார்ச் 16 அன்று க்ளிஷி என்ற புறநகரில் வலதுசாரிக் கூட்டத்தை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் அன்றே இறந்தார்கள். ‘நம்மைச் சுடாது’ என்று மேலே சொன்னேனே, அந்த நம்பிக்கை அங்கே உடைந்தது.

ஜூனில் நிதி நெருக்கடியைச் சமாளிக்கச் சிறப்பு அதிகாரம் கேட்டார். கீழவை தந்தது, செனட் மறுத்தது. தெருவில் மக்களைத் திரட்டிச் செனட்டோடு மோதாமல் விலகினார். 1926இல் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை.

1940இல் பிரான்சு தோற்றதற்கு அவர்தான் காரணம் என்று வழக்கே போட்டார்களே?

போட்டார்கள். 1940 ஜூலை 10 அன்று விஷி அரசின் தலைவரான மார்ஷல் பெத்தேனுக்கு முழு அதிகாரம் தருவதை எதிர்த்து வாக்களித்த 80 பேரில் ப்ளூம் ஒருவர். செப்டம்பரில் கைது செய்யப்பட்டார். 1942 பிப்ரவரியில் ரியோம் நகரில் விசாரணை. 40 மணி நேரச் சட்டமும் விடுமுறையும் நாட்டைப் பலவீனப்படுத்தின என்பது குற்றச்சாட்டு.

உண்மையில் 1936 செப்டம்பரில் ராணுவத் தலைமை கேட்டது 900 கோடி பிராங்க். ப்ளூமின் அரசு ஒதுக்கியது நான்கு ஆண்டுகளுக்கு 1,400 கோடி. 1934இல் போர் அமைச்சராக இருந்தவர் பெத்தேனேதான்; அந்தக் காலம் வழக்கில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ப்ளூம் அதை எடுத்து வைத்தார். அலுவலகத்தைவிட்டு வெளியே போக நேர்ந்த சில நாள்களில், பழைய கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இரட்டைச் சைக்கிள்களிலும் ஊர் சுற்றப் போகும் தொழிலாளர்களைக் கண்டபோது, கடினமான, இருண்ட வாழ்வுகளில் கொஞ்சம் வெளிச்சம் கொண்டுவந்ததாக உணர்ந்தேன் என்றும் சொன்னார். குற்றவாளிக் கூண்டு அரசைக் குற்றம்சாட்டும் மேடையாக மாறியது. ஹிட்லர் ஆத்திரப்பட்டார். ஏப்ரலில் விசாரணை தீர்ப்பில்லாமல் நின்றது. 1943இல் ப்ளூமை நாஜி வதைமுகாமான புகன்வால்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் தம்பி ரெனே ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

சரி, புதுச்சேரிக்கு வாருங்கள். தொழிலாளர் அரசு ஆண்டபோதே தொழிலாளர்களைச் சுட்டார்களே, இதற்கு என்ன பதில்?

1936 ஜூலை 30. சங்கம் வைக்கும் உரிமையும் 8 மணி நேர வேலையும் கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள்மேல் காலனி அரசின் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். பாரிஸில் ரெனோ தொழிலாளி ஆலைக்குள் உட்கார்ந்து விடுமுறைச் சட்டம் வாங்கிய அதே கோடை. அங்கே படை அனுப்ப மறுத்த பிரதமர், இங்கே ஆளுநர் அனுப்பிய படையைத் தடுக்கவில்லை.

காலனிகளைப் பொறுத்தவரை மக்கள் முன்னணி விடுதலை தருவதாகச் சொல்லவில்லை. விசாரணைக் குழு அமைப்போம் என்றுதான் சொன்னது. அல்ஜீரியாவில் 20,000 பேருக்குச் சற்று மேல் முஸ்லிம்களுக்கு வாக்குரிமை தரும் ப்ளூம்–வியோலெத் மசோதாகூட, குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் எதிர்ப்பால் நிறைவேறவில்லை. விடுதலை கேட்ட வட ஆப்பிரிக்க இயக்கத்தை 1937 ஜனவரியில் அவர் அரசே தடை செய்தது. உள்நாட்டில் அவர் வகுத்த எல்லையாவது அவரே சிந்தித்து வகுத்தது. காலனி விஷயத்தில் அவ்வளவு தூரம் சிந்திக்கவே இல்லை.

ஆனாலும் துப்பாக்கிச்சூட்டின் செய்தி பாரிஸை எட்டியது. புதுச்சேரித் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் விடவில்லை. காலனி அமைச்சர் மரியுஸ் மூத்தே சோசலிஸ்ட். கேட்கும் காது அங்கே இருந்தது. 1937 ஏப்ரல் 6 அன்று பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வெளிவந்தது: 8 மணி நேர வேலை, சங்கம் சேரும் உரிமை. எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், அன்று ஆலைத் தொழிலாளிக்குச் சட்டப்படி வாரம் 54 மணி நேரம். அது 48 ஆனது 1946இல்தான்.

அந்த ஆணையை ப்ளூம் தந்தார் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். பிரான்சில் 20 லட்சம் பேர் ஆலைக்குள் அமர்ந்து வாங்கியதைத்தான் இங்கேயும் தொழிலாளர்கள் வாங்கினார்கள். அங்கே அதற்கு உயிர் கேட்கவில்லை, இங்கே கேட்டது. ஜூலை 30 அன்று மாலை போடும்போது அந்த 12 பேரைத்தான் முதலில் நினைக்கவேண்டும்.